டைனோசர் பொம்மைக்கு மறுபூச்சு: எந்தப் பொம்மை, எந்தப் பெயிண்ட், எவ்வளவு வேலை?

கடையில் தொங்கும் டைனோசர் பொம்மையை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செதில், தோல் மடிப்பு, கால் நகம் என்று உருவம் வடித்தவர் உயிரைக் கொடுத்து உழைத்திருப்பார். பெயிண்ட் அடித்தவருக்கோ அதற்கு நேரமே கொடுத்திருக்க மாட்டார்கள். உடம்பு முழுக்க ஒரே பச்சை, முதுகில் புகை படிந்த மாதிரி ஒரு பழுப்பு. கண்ணுக்கு வைத்த மஞ்சள் பொட்டு கன்னத்தில் இறங்கியிருக்கும். இந்தப் பூச்சை மூடி நம் கையால் வேறு வண்ணம் கொடுப்பதும், கொஞ்சம் துணிச்சல் வந்தபிறகு கொம்பு, உதடு, இறகு என்று உருவத்தையே மாற்றுவதும் பல நாடுகளில் பெரியவர்கள் ஆசையாகச் செய்யும் பொழுதுபோக்கு.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்தப் பெயிண்ட் வாங்கலாம்?" என்றுதான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பொம்மை எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். பெயிண்ட், பிரைமர், புட்டி, வார்னிஷ் என்று பின்னால் வரும் தேர்வுகளில் முக்கால்வாசியை அந்தப் பிளாஸ்டிக்கே முடிவு செய்துவிடும்.

வால் நுனியை வளைத்துப் பாருங்கள்

பொம்மையின் வால் நுனியை விரலால் வளையுங்கள். வளைந்து, மெல்லத் திரும்பி வந்தால் அது மென் பிவிசி. வளையாமல் விறைப்பாக நின்று, நகத்தால் தட்டினால் 'டக்' என்று சத்தம் கொடுத்தால் ஏபிஎஸ் போன்ற கடினப் பிளாஸ்டிக். கையும் காலும் அசையும் பொம்மைகளில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்: உடம்பு கடினம், வாலும் தலையும் மென்மை. சில பொம்மைகளின் வயிற்றிலோ உள்ளங்காலிலோ நிறுவனம், ஆண்டு, பிளாஸ்டிக்கின் வகை எல்லாம் பொடி எழுத்தில் பதித்திருக்கும்.

பிவிசி இயல்பில் கடினமான பொருள். வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதுதான். அதைப் பொம்மைக்கு ஏற்ற மாதிரி இளக்குவதற்கு எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லை, இடையில் சும்மா தங்கியிருக்கிறது. அதனால் நாள்பட நாள்படக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிகிறது. பழைய பொம்மை சில சமயம் பிசுபிசுவென்று கையில் ஒட்டுவது இதனால்தான்.

இந்தப் பரப்பின்மேல் எனாமல் பெயிண்ட் அடித்தால், கசியும் எண்ணெய் பெயிண்டுக்குள் புகுந்து அதைக் காயவே விடாது. மாதம் கழித்துத் தொட்டாலும் விரல் ரேகை பதியும். கரைப்பான் நிறைந்த ஸ்ப்ரே பிரைமர்கள், ஸ்ப்ரே வார்னிஷ்கள் பலவற்றிலும் இதே ஆபத்து உண்டு. சில பிராண்டு ஒத்துக்கொள்ளும், சில ஒத்துக்கொள்ளாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அது காய்ந்ததும் தனக்கென்று ஒரு மெல்லிய படலமாக மேலே உட்கார்ந்துவிடும்.

ஆகவே பொம்மை மென் பிவிசி என்று தெரிந்த நொடியிலேயே ஹார்டுவேர் கடை எனாமல் டப்பாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். வண்டி டிங்கரிங் செய்கிற இடத்திலிருந்து மிச்ச லாக்கர் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். கடின ஏபிஎஸ் என்றால் எனாமலும் பிடிக்கும், ஸ்ப்ரேயும் பிடிக்கும். ஆனால் அங்கே வேறு கண்ணி இருக்கிறது. பழைய பெயிண்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டால், அதிலுள்ள அசிட்டோன் பொம்மையின் முகத்தையே கரைத்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எவ்வளவோ மேல். அதையும் முதலில் உள்ளங்காலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எந்தப் பொம்மையை வாங்குவது?

திருவிழாக் கடை, பாரிமுனை மொத்தக் கடை, ஃபேன்சி ஸ்டோர் இவற்றில் பையில் அடைத்து விற்கும் ஒரு டஜன் டைனோசர்களில் இருந்து தொடங்குவோம். விலை மலிவு, கெட்டுப்போனாலும் மனசு கஷ்டப்படாது. பயிற்சிக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் உள்ளே வெற்றுக்கூடு, வயிற்றிலும் காலிலும் அச்சு சேர்ந்த கோடு துருத்திக்கொண்டிருக்கும், செதில் வேலைப்பாடும் பெயருக்குத்தான். செதில் இல்லாத பொம்மையில் எவ்வளவு நல்ல பெயிண்டும் எடுபடாது, ஏனென்றால் இந்தக் கலையின் பாதி வித்தை மேடு பள்ளத்தில் இருக்கிறது. இன்னொன்று: இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரை இல்லாத பொம்மையின் பழைய பெயிண்டில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

அடுத்தது ஜெர்மனியின் ஷ்லைஷ், பிரான்சின் பாப்போ, அமெரிக்காவின் சஃபாரி, அப்புறம் கலெக்டா ஆகியவை செய்யும் ஒரே வார்ப்புப் பொம்மைகள். இறக்குமதி என்பதால் இங்கே நடுத்தர அளவுள்ள ஒன்றே பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மறுபூச்சுக்கு என் ஓட்டு இந்த வகைக்குத்தான். வெற்றுக்கூடாக இல்லாத பிவிசி, தாடையைத் தவிர அசையும் மூட்டு பெரும்பாலும் இல்லாததால் பெயிண்ட் உரசி உதிராது, வடிவம் ஏற்கெனவே நன்றாக இருக்கும்.

இவற்றுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. பாப்போவின் தோல் மடிப்புகள் ஆழமானவை, தண்ணியான கறுப்பை ஓடவிட்டாலே பொம்மை உயிர்பெற்ற மாதிரி ஆகிவிடும். ஆனால் உடலமைப்பில் அறிவியலைவிட சினிமா தூக்கலாக இருக்கும். சஃபாரியின் அண்மைக்கால வார்ப்புகள் ஆய்வுகளுக்கு நெருக்கமானவை. ஷ்லைஷ் குழந்தைகள் கையில் அடிபடுவதற்கென்றே செய்தது. இரண்டு காலில் நிற்கும் விலங்குகளுக்குப் பாதத்தைப் பெரிதாக்கி நிற்க வைத்திருப்பார்கள், அது சிலருக்குக் கண்ணை உறுத்தும். யாரும் கேள்விப்படாத இனங்கள் வேண்டுமென்றால் கலெக்டாவின் பட்டியலைப் பாருங்கள். முதல் பொம்மை ஒன்றே ஒன்றுதான் என்றால் சஃபாரி வாங்குங்கள்: வடிவம் சரியாக இருப்பதால் வெட்டி ஒட்டும் வேலை மிச்சம்.

2018 முதல் மாட்டெல் நிறுவனம் ஜுராசிக் வேர்ல்ட் பெயரில் விற்கும் பொம்மைகள் வேறு ரகம். கை கால் அசையும், பொத்தானை அமுக்கினால் வாய் திறக்கும். பல பொம்மைகளில் பிளாஸ்டிக்கின் நிறத்தையே உடம்பு நிறமாக விட்டு, மேலே ஓரிரு வண்ணம் மட்டும் பூசியிருப்பார்கள். அதனால் மறுபூச்சுக்காரர்களுக்கு இது நல்ல வெற்றுப் பலகை. ஆனால் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் பெயிண்ட் நிற்காது, ஒரு சுற்றுச் சுற்றினால் உரிந்துவிடும். திருகாணிக் குழிகளை அடைப்பது தனி வேலை. ஒரு நிலையில் வைத்து மூட்டை ஒட்டிவிடத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள்.

சீனாவின் பிஎன்எஸ்ஓ போன்ற உயர்ரகப் பொம்மைகளுக்குத் தொழிற்சாலைப் பூச்சே நன்றாக இருக்கும். அதை மூடிவிட்டு நாம் புதிதாகப் பூச என்ன அவசியம்? பழைய பொம்மைகளுக்கும் இதே பேச்சுத்தான். 1993-இல் வந்த கென்னர் நிறுவனத்தின் ஜுராசிக் பார்க் பொம்மைகள், 1988-இல் தொடங்கி 2015-இல் நின்றுபோன சஃபாரியின் கார்னகி வரிசை போன்றவை நல்ல நிலையில் கிடைத்தால் பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். சேகரிப்பாளர்கள் அந்தப் பழைய பூச்சுக்குத்தான் விலை கொடுப்பார்கள். ஏற்கெனவே பெயிண்ட் உதிர்ந்து, நாய் கடித்து வந்தது என்றால் தாராளமாகச் செய்யலாம்.

வாஷ் மட்டுமா, முழுப்பூச்சா, உருவமாற்றமா?

எத்தனை தூரம் போவது என்பதும் ஒரு தேர்வுதான். மூன்று படிகளில் முதல் படியைப் பலரும் அலட்சியமாகத் தாண்டிவிடுகிறார்கள். செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் போட்டால் அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பொம்மையைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்துக் காயவைக்கிறீர்கள். அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் போட்ட எண்ணெய்ப் பசையும் கைப்பிசுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் எதுவும் ஒட்டாது. பிறகு அடர்பழுப்பு அக்ரிலிக் ஒரு துளி, தண்ணீர் பத்துப் பதினைந்து துளி, சோப்பு நீர் ஊசிமுனை அளவு. இதைக் குண்டு பிரஷில் தோய்த்துத் தொடைமேல் விடுங்கள். முதலில் அழுக்குத் தண்ணீர் கொட்டிய மாதிரிதான் இருக்கும். ஒரு நிமிடத்தில் அது மேட்டை விட்டு இறங்கி, செதிலுக்கும் செதிலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் போய்த் தேங்கும். அதுவரை பொம்மையில் இருந்தும் கண்ணில் படாத செதில்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். வயிற்றுக்கடியில் சொட்டாகத் திரளும் நீரைக் காய்ந்த பிரஷால் ஒற்றி எடுங்கள், விட்டால் கறை வளையமாகக் காய்ந்துவிடும். இதைத்தான் வாஷ் என்கிறார்கள்.

முழுக்கக் காய்ந்ததும் இதற்கு நேர்மாறான வேலை. உடம்பின் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய பெயிண்டைத் தட்டைப் பிரஷில் எடுத்து, பழைய துணியில் தேய்த்துத் தேய்த்து, இனி ஒட்டவே ஒட்டாது என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட்டு, செதில்மேல் லேசாக வருடுங்கள். மேட்டு முனைகளில் மட்டும் நிறம் ஏறும். இது ட்ரை பிரஷ். இந்த இரண்டையும் செய்து, கண்ணையும் பல்லையும் மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டால் தொழிற்சாலைப் பொம்மை கண்காட்சிப் பொருளாகிவிடும். தொழிற்சாலையின் அடிநிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதற்குமேல் போக வேண்டிய அவசியமே இல்லை.

கண் எழுதுவதில் மட்டும் ஒரு வரிசை உண்டு. முதலில் கண் முழுவதையும் கறுப்பாக்குங்கள். அதன்மேல் ஆரஞ்சோ மஞ்சளோ வைக்கும்போது சுற்றிலும் மயிரிழை அளவு கறுப்பு விடுங்கள், அதுதான் இமைக்கோடு. நடுவில் பல்குத்தும் குச்சியின் முனையால் கறுமணி. முகத்துக்கு மேலே மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்து முடித்தபின் கண்ணிலும் வாயின் உட்புறத்திலும் மட்டும் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு சொட்டு. ஈரக்கண் வந்துவிடும்.

இரண்டாவது படி முழுப்பூச்சு. அடிநிறமே மாற வேண்டும் என்றால்தான் இது. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பதா, அதன்மேலேயே பூசுவதா என்ற கேள்வி எழும். பெயிண்ட் தடிமனாகத் திரண்டு செதிலை அடைத்திருந்தால் ஒழிய எடுக்காதீர்கள். நன்றாக ஒட்டியிருக்கும் தொழிற்சாலைப் பூச்சு நல்ல அடித்தளம். பிரைமரும் பிரஷில் பூசும் அக்ரிலிக் வகையாக இருக்கட்டும். ஓவியக் கடைகளில் கிடைக்கும் கேமல் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு மலிவாக முடியும். ஆனால் டப்பாவிலிருந்து அப்படியே எடுத்தால் அது பொடிச் செதில்களை மெழுகி மூடிவிடும். நீர்மோர் பதத்துக்கு இளக்கி இரண்டு முறை பூசுங்கள்.

மூன்றாவது உருவமாற்றம். இதில் பிளாஸ்டிக் மறுபடியும் தன் குணத்தைக் காட்டும். மென் பிவிசியைக் கொதிக்கும் பதத்திலுள்ள வெந்நீரில் அழுத்தி வைத்தால் இளகும். வேண்டிய கோணத்தில் வளைத்துப் பிடித்துக் குளிர்ந்த நீரில் நனைத்தால் அப்படியே நிற்கும். கோணலாக நிற்கும் கால்களை நிமிர்த்தவும் இதே வழிதான். நம்மூர் மே மாத வெயிலில் இரண்டு கால் டைனோசர்கள் ஒருபக்கமாகச் சாய்வதும் இதே குணத்தால்தான், அதனால் அலமாரியைச் சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்.

இறைச்சி தின்னும் டைனோசர் பொம்மைகள் பலவற்றில் உள்ளங்கை தரையைப் பார்த்தபடி தொங்கும். அந்த விலங்குகளின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது, கைதட்டப்போகிற மாதிரி இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். வெந்நீர் போதும், இதைத் திருத்திவிடலாம்.

புட்டி வேலைக்கு வெளிநாட்டினர் மில்லிபுட் போன்றவற்றைச் சொல்வார்கள். நமக்கு எம்-சீல் இருக்கிறது. இரண்டு துண்டையும் பிசைந்து, ஈர விரலால் இழைத்து, காய்வதற்குள் ஊசியால் செதில் கீறலாம். மில்லிபுட்டில் கூர்மையான நுணுக்கங்கள் இன்னும் நன்றாக வரும், வேலை செய்ய நேரமும் அதிகம் கிடைக்கும். ஆனால் கொம்பு, முகடு, உதடு போன்றவற்றுக்கு எம்-சீல் போதும். கவனிக்க வேண்டியது ஒட்டும் இடம். காய்ந்த எம்-சீல் கல், அடியிலுள்ள பிவிசி வளையும். வளையும் பொருள்மேல் வளையாத பொருளை ஒட்டினால் ஒருநாள் பிளந்துகொண்டு வரும். அதனால் அந்த இடத்தைக் கத்தியால் கீறிச் சொரசொரப்பாக்கி, குண்டூசியை வெட்டி உள்ளே செருகி, அதைச் சுற்றிப் புட்டியை அப்புங்கள். வால் நுனி, கை போன்ற வளையும் பகுதிகளில் புட்டி வேண்டவே வேண்டாம்.

உருவமாற்றத்துக்கு இரண்டு யோசனைகள் சொல்கிறேன், ஒன்று எளிது, ஒன்று சவால். எளிது, டைரனோசாரஸுக்கு உதடு வைப்பது. வாய் மூடியிருந்தாலும் பல்லெல்லாம் வெளியே தெரியும் உருவம்தான் நமக்குப் பழக்கம். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்த விலங்குகளின் பற்கள் உடும்புகளுக்கு இருப்பதுபோல உதட்டுக்குள் மறைந்திருக்கும் என்று வாதிட்டது. மேல்தாடை ஓரம் முழுக்க ஒரு மெல்லிய எம்-சீல் திரியை ஒட்டி இழைத்தால் முகமே மாறிவிடும்.

சவாலானது, கார்னோட்டாரஸை ராஜாசாரஸாக்குவது. முன்னது அர்ஜென்டினாவில் கிடைத்தது, கண்ணுக்கு மேலே இரண்டு கொம்பு. பின்னது குஜராத்தின் பாலாசினோர் அருகே ரஹியோலியில் கிடைத்து 2003-இல் பெயர் பெற்றது, நெற்றியில் ஒரே ஒரு குட்டைக் கொம்பு. இரண்டும் ஒரே குடும்பம், அதனால் உடம்பு பெரிதாக மாறாது. இரண்டு கொம்பையும் சீவிவிட்டு, நடு நெற்றியில் தாழ்ந்த மொட்டைக் கொம்பு ஒன்றை எழுப்பி, சீவிய தழும்பில் செதில் கீறிவிட்டால் நம் நாட்டு டைனோசர் ஒன்று அலமாரியில் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டு டைனோசரே வேண்டும் என்பவர்களுக்கு அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டின் புருகத்காயோசாரஸ் இருக்கிறது. அதன் எலும்புகள் இன்று இல்லை, மிகப்பெரிய நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்பதுதான் பொதுவான கருத்து. ஆகவே எந்த டைட்டனோசார் பொம்மையை எடுத்து அந்தப் பெயரை வைத்தாலும் சண்டைக்கு வர யாராலும் முடியாது!

வழவழப்பான வெலாசிராப்டருக்கு இறகு வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 2007-இல் அதன் முன்கை எலும்பில் இறகுகள் ஊன்றியிருந்த முண்டுகளைக் கண்டுபிடித்தார்கள், ஆகவே ஆசை நியாயமானதுதான். ஆனால் உடம்பு முழுக்கப் புட்டியில் இறகு கீறுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, பொம்மையும் தடித்துப் போகும். இறகோடு வார்த்த பொம்மையையே வாங்கிப் பெயிண்டை மட்டும் மாற்றுங்கள்.

ஃபெவிக்ரில்லா, வலேஹோவா?

இப்போது பெயிண்ட். தெருமுனை ஸ்டேஷனரி கடையில் 15 மி.லி. ஃபெவிக்ரில் பாட்டில் கிடைக்கிறது. ஓவியக் கடைக்குப் போனால் கேமல் அக்ரிலிக் ட்யூப். ஆன்லைனில் ஸ்பெயின் நாட்டு வலேஹோ, பிரிட்டனின் சிட்டாடல். ஏறக்குறைய அதே அளவு பாட்டிலுக்கு இறக்குமதி வகைகள் உள்ளூர் விலையைப் போலப் பல மடங்கு கேட்கும். அந்தப் பணத்துக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

நிறமியை அரைத்த நேர்த்திதான். வலேஹோவைத் தண்ணீரில் நன்றாக இளக்கிப் பூசினாலும் நிறம் திட்டுத்திட்டாகப் பிரியாது, செதில் மூடாது. ஃபெவிக்ரில்லை அந்த அளவு இளக்கினால் அடிநிறம் எட்டிப்பார்க்கும். மூன்று நான்கு கோட் வேண்டும், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இன்னும் கூட. இளக்காமல் பூசினாலோ பிரஷ் தடம் அப்படியே காயும்.

ஆனால் உள்ளூர் பெயிண்டுக்கு ஒரு பலம் இருக்கிறது. துணியில் பூசினாலும் வெடிக்காத அளவுக்கு வளைந்துகொடுக்கும் படலம் ஃபெவிக்ரில்லுடையது. வளையும் வாலுக்கு அது ஒத்துப்போகும். டைனோசர் வேறு போர்வீரன் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. இறக்குமதிப் பெயிண்டுகள் பெரும்பாலும் கட்டைவிரல் உயரத்துப் பொம்மை வீரர்களின் பொத்தானுக்கும் பெல்ட்டுக்கும் வண்ணம் கொடுக்கச் செய்தவை. ஒரு சாண் நீள விலங்கின் தோலில் நிறம் சீராக இல்லாமல் கொஞ்சம் திட்டாக இருப்பது இயற்கையாகவே தெரியும். வழவழ காருக்கு அடிக்கிற நேர்த்தி இங்கே தேவையில்லை.

ஆக, உடம்புக்கு உள்ளூர் அக்ரிலிக்: வெள்ளை, கறுப்பு, பச்சைக் காவி (ரா சியன்னா), எரிகாவி (பர்ன்ட் சியன்னா), மஞ்சள் காவி (யெல்லோ ஆக்கர்), ஒரு நீலம். இதிலேயே கலந்து எல்லாம் எடுத்துவிடலாம். கண், பல், நகத்துக்கு வலேஹோவில் தந்த வெள்ளையும் கறுப்பும் இரண்டே பாட்டில். வாஷை வீட்டிலேயே கலக்கச் சலிப்பாக இருந்தால் சிட்டாடலின் அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற பழுப்பு வாஷ் ஒன்று. டைனோசருக்கென்றே செய்தார்களோ என்று நினைக்க வைக்கும்.

பிரஷில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுனி கூராகச் சேரும் ஒரு நல்ல சின்னப் பிரஷ், பத்து மோசமான பிரஷ்களின் வேலையைச் செய்யும். மாறாக, ட்ரை பிரஷுக்கு மயிர் பரத்திப்போன பழைய பிரஷே உத்தமம்.

பெயிண்டைக் காற்றோடு மெல்லத் தூவும் ஏர்பிரஷ் கருவி வாங்கலாமா என்றால், பத்துப் பொம்மை முடிக்கும் வரை வேண்டாம். முதுகுக் கருமை வயிற்று வெளுப்பில் மெல்லக் கரையும் அந்த மாற்றத்தை ஏர்பிரஷ் அநாயாசமாகத் தரும், அதை மறுக்க முடியாது. ஆனால் கம்ப்ரஸர், முகமூடி, ஒவ்வொரு நிறத்துக்கும் மூக்கைக் கழற்றிக் கழுவும் வேலை, அடைத்துக்கொண்டால் ஊசியோடு மல்லுக்கட்டு என்று பின்னாலேயே ஒரு படை வரும். வீட்டு ஸ்பான்ஜ் துண்டைக் கிள்ளி, அதில் பெயிண்டைத் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தாலே அந்த மாற்றத்தில் பெரும்பகுதி வந்துவிடும்.

நிறம்: கற்பனையா, புதைபடிவமா?

அக்கா மகன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான்: "மாமா, டைனோசரை யாருமே பார்க்கலையே, அப்புறம் இது பிரவுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" நல்ல கேள்வி. பெரும்பாலான டைனோசர்களுக்கு விடை "யாருக்கும் தெரியாது" என்பதுதான். சிலவற்றுக்கு மட்டும் 2010 முதல் விடை கிடைத்திருக்கிறது. இறகிலும் தோலிலும் நிறமியைத் தாங்கும் மெலனோசோம் என்ற நுண்துகள்கள் புதைபடிவத்தில் தப்பியிருந்தால், அவற்றின் வடிவத்தையும் வேதித் தடயத்தையும் வைத்து நிறத்தைக் கணிக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் உள்ள பொம்மை கையிலிருந்தால் வேலை சுவையாகிவிடும். சீனாவின் சைனோசாராப்டெரிக்ஸுக்குச் செம்பழுப்பு உடம்பு, வாலில் வெள்ளை வளையம். கண்ணைச் சுற்றித் திருடன் கட்டிய துணிபோல் கருமை இருந்ததாக 2017-இல் சேர்த்துச் சொன்னார்கள். மைக்ரோராப்டர் பளபளக்கும் கறுப்பு என்று 2012-இல் வந்தது. இதற்கு ஃபெவிக்ரில் பேர்ல் நீலம் கைகொடுக்கும்: முழுக்கக் கறுப்படித்து, இறகு மேடுகளில் மட்டும் நீலத்தை ட்ரை பிரஷ் செய்யுங்கள். வெளிச்சத்தில் திருப்பினால் அண்டங்காக்கை இறக்கை மாதிரியே மின்னும்.

பிராங்க்பர்ட்டின் செங்கன்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ள சிட்டகோசாரஸின் முதுகு கருமை, வயிறு வெளுப்பு. காட்டுக்குள் பரவலாக விழும் வெளிச்சத்தில் மறைந்துகொள்ள ஏற்ற நிறம் என்று 2016 ஆய்வு சொன்னது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் சுரங்கத்தில் 2011-இல் கிடைத்த போரியலோபெல்ட்டா, கவசம் போர்த்த 5 மீட்டருக்கு மேல் நீளமான விலங்கு. அதற்கும் செம்பழுப்பு முதுகும் வெளிறிய அடிப்பக்கமும்தான் என்று 2017-இல் எழுதினார்கள். அவ்வளவு பெரிய கவச விலங்கே ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றால் அதை வேட்டையாடியது எப்படி இருந்திருக்கும்! கவச டைனோசர் பொம்மை எதுவானாலும் எரிகாவி முதுகும் மணல் நிற வயிறும் கொடுங்கள், பொருந்திப்போகும்.

டைரனோசாரஸ், டிரைசெராடாப்ஸ் போன்ற பிரபலங்களுக்கு இந்தச் சான்று இல்லை. அங்கே உயிருள்ள விலங்கைப் பார்த்து எழுதுவதுதான் என் வழி. இணையத்தில் மற்றவர்கள் பூசிய பொம்மையைப் பார்த்துப் பூசினால் நகலின் நகல்தான் மிஞ்சும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய் ஒரு மணிநேரம் நில்லுங்கள். முதலையின் முதுகு எட்ட நின்று பார்த்தால் ஒரே சாம்பல். கிட்டப் போனால் அதில் ஆலிவ், கறுப்பு, காய்ந்த சேற்றின் வெளுப்பு எல்லாம் இருக்கும். தாடைக்கடியில் மஞ்சள் தட்டும். இந்தக் கலவையை டைரனோசாரஸ்மேல் கொண்டுவந்து, புருவ மேட்டில் மட்டும் கொஞ்சம் செம்மண் சிவப்பைத் தொட்டால் போதும். உடம்பு முழுக்கப் புலிவரி போடுவது முதல் பொம்மையில் எல்லாருக்கும் வரும் சபலம். வரி போட்டே ஆக வேண்டும் என்றால் உடல் வளைவோடு வரியும் வளையட்டும், விலா எலும்பின் போக்கில் ஓடட்டும். நேர்கோடாகப் போட்டால் ஒட்டவைத்த டேப் மாதிரி இருக்கும்.

கடைசிப் பூச்சும், பொம்மை போகிற இடமும்

வார்னிஷ் ஸ்ப்ரேயில் வேண்டுமா பிரஷில் வேண்டுமா என்றால், நம் கடலோர ஊர்களுக்குப் பிரஷ்தான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் வார்னிஷ் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும், மழைக்காலத்துச் சென்னையில் இது அடிக்கடி நடக்கக் கூடியது. போதாக்குறைக்குப் பிவிசியோடு அந்தக் கரைப்பானுக்கு உள்ள பழைய பகையும் சேரும். தண்ணீரில் கரையும் மேட் அக்ரிலிக் வார்னிஷை மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் ஓர் இரவு இடைவெளி. குலுக்காமல் எடுத்தால் மேட் தன்மை தரும் பொடி அடியிலேயே தங்கிவிடும், பளபளவென்று காயும். முழு உடம்புக்கும் கிளாஸ் வேண்டாம். டைனோசர் பிளாஸ்டிக்காகத் தெரிவது ஒருபுறம், கோடை வெப்பத்தில் சில கிளாஸ் வார்னிஷ்கள் லேசாக ஒட்டும், சுற்றி வைத்த செய்தித்தாளின் எழுத்துகூட அதில் ஏறும்.

பொம்மை எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்து எல்லாத் தேர்வும் கொஞ்சம் மாறும். அலமாரிக்கு என்றால் மேலே சொன்னபடி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். பள்ளி போகும் பிள்ளை விளையாடக் கேட்கிறது என்றால் வாஷ், ட்ரை பிரஷோடு நிறுத்தி, புட்டி இல்லாமல், வார்னிஷை மூன்று கோட்டாகப் போட்டுக் கொடுங்கள். தரையில் உரசும் வால் நுனியிலும் பாதத்திலும் எப்படியும் உதிரும், வருடத்துக்கு ஒருமுறை தொட்டுக்கொள்ளலாம். எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் மறுபூச்சு செய்த எதையும் அதன் கைக்கு எட்டவிடாதீர்கள். பெட்டியில் இருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை தொழிற்சாலை செய்த பொம்மைக்குத்தான். நாம் பூசிய பெயிண்டுக்கும் அப்பிய எம்-சீலுக்கும் அது பொருந்தாது.